மாடு இல்லாமல் ஓடும் வண்டி

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை ஒரு கடைத்தெரு. அங்கே சரக்கு வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் வண்டியை ஓட்டுவது எது? அதன் உள்ளே எரியும் நெருப்புதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துப் பாருங்கள். எஞ்சினும் அதுபோலத்தான். குழாய்க்குள் பிஸ்டன் போய் வரும். முதலில் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் இழுக்கும். பிறகு அழுத்தும். அப்போது தீப்பொறி விழும். ஆவி எரிந்து பிஸ்டனைத் தள்ளும். கடைசியில் புகை வெளியேறும். நான்கு நடையில் ஒன்றுதான் வண்டியைத் தள்ளுகிறது! மற்ற மூன்றிலும் சுழலும் கனமான சக்கரம் பிஸ்டனை நகர்த்துகிறது. இந்த எஞ்சினை 1876-இல் ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் செய்தார்.

எஞ்சினைத் தம் கையால் கழற்றிப் பார்த்துக் கற்றவர் ஜி.டி. நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. எப்படி ஓடுகிறது?

கோவைக்குப் போனார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றினார். மறுபடி பூட்டினார்.

கழற்றுவது எளிது. பூட்டுவதுதான் கடினம். பிஸ்டன் வளையம் தளர்ந்தால் காற்று கசியும், எஞ்சின் சரியாக ஓடாது. பட்டறையில் சின்ன மாதிரி எஞ்சின் செய்பவர்களும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார்.