மேற்கோளும் மூலமும்
(ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்)

— முதுகலை ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு

ஆங்கிலத்தில் கட்டுரை வரைகையில் மேற்கோள் இல்லாமல் எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆகவே பத்திக்கு ஒரு பொன்மொழியைத் தேடிப் பிடித்துப் பதித்துவிடுகிறோம். ஆனால், எந்த மேற்கோளுக்கு மூலம் காட்ட வேண்டும், எதற்குக் காட்ட வேண்டியதில்லை என்று கேட்டால் தெளிவான விடை சொல்வோர் சிலரே. வகுப்புத் தோழர்கள் சிலரிடம் இவ்வினாவைக் கேட்டுப் பார்த்தேன். “சொன்னவர் பெயரைப் போட்டால் போதும்” என்றார் ஒருவர். “மேற்கோள் குறி இட்டுவிட்டால் வேறொன்றும் வேண்டாம்” என்றார் மற்றொருவர். “கைடிலிருந்து எடுத்ததற்கு யார் மூலம் கேட்கப் போகிறார்கள்?” என்றார் மூன்றாமவர். இம்மூன்றில் ஒன்றேனும் முழு விடையாகாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ் உரையாசிரியர் காட்டும் பாடம்

மூலம் காட்டுவது மேலைநாட்டார் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்போர் உண்டு. மேற்கோள் ஆளும் கலையில் நம் உரையாசிரியர்கள் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். ஆயினும், மூலத்தின் பெயர் சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் நம் இலக்கிய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரையில் அடுக்கடுக்காக மேற்கோள்கள் வருகின்றன. பல இடங்களில் நூற்பெயர் இல்லை. “என்றார் பிறரும்” என்பதோடு உரைகாரர் நின்றுவிடுகிறார். அந்தப் ‘பிறர்’ யார்? உரை எழுதப்பட்ட காலத்துப் புலவர்க்கு அடியைக் கேட்டதும் நூல் நினைவுக்கு வந்திருக்கும். பல நூற்றாண்டுகள் கழித்துப் படித்த ஐயருக்கோ அது பெரும் புதிராயிற்று. ஏட்டுச்சுவடிகளைப் புரட்டிப் புரட்டி, அவ்வடிகளுள் பல பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் இருப்பதை அவர் கண்டறிந்தார். சிந்தாமணி 1887-லும், பத்துப்பாட்டு 1889-லும், புறநானூறு 1894-லும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. தாம் பதிப்பித்த நூல்களில், உரையில் ஆளப்பட்ட நூல்களைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டதும் அவர் செய்த அரும்பணி. நம்மைப் போன்ற ஓர் அரசினர் கல்லூரியின் ஆசிரியர், மூலம் காட்டப்படாத மேற்கோள்களுக்கு மூலம் தேடியே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் உள்ள நூற்றுச் சொச்சம் பாடல்கள் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலால் காக்கப்பட்டவை. தொகுத்தவர் நூற்பெயரையும் குறித்து வைத்ததால் அல்லவா அவற்றை முத்தொள்ளாயிரப் பாடல்கள் என்று நாம் அறிகிறோம்! பெயர் குறிக்கப்படாத அடிகளோ எந்நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் உரைகளுக்குள் கிடக்கின்றன. மூலம் காட்டுவது பின்வரும் வாசகருக்கு வழிவிடும் செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எவற்றிற்கு மூலம் தேவை?

முதலாவது, பிறர் சொற்களை அப்படியே எடுத்தாளும் இடம். இங்கு மேற்கோள் குறியும் வேண்டும், மூலமும் வேண்டும். மேற்கோள் குறி ‘இச்சொல் என்னுடையதன்று’ என்று மட்டுமே சொல்லும். ‘யாருடையது, எங்கே இருக்கிறது’ என்பதை மூலக்குறிப்புதான் சொல்லும்.

இரண்டாவது, பிறர் கருத்தை நம் சொற்களில் எழுதும் இடம். இங்குத்தான் பலர் தடுமாறுகிறோம். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் இயாகோ செய்யும் தீமைக்கு உண்மையான காரணமே இல்லை, காரணத்தைத் தேடி அலைகிறான் அவன் என்பது கோல்ரிட்ஜ் கூறிய கருத்து. அதை எத்தனை விதமாகச் சொல் மாற்றி எழுதினாலும் கருத்து கோல்ரிட்ஜுடையதே. மேற்கோள் குறி தேவையில்லை. பெயரும் மூலமும் தேவை. சட்டையின் பொத்தானை மாற்றித் தைத்துவிட்டால் இரவல் சட்டை சொந்தச் சட்டை ஆகிவிடாது.

மூன்றாவது, புள்ளிவிவரங்களும் பிறர் ஆய்ந்து கண்ட முடிவுகளும். எண் சொன்னால், எண்ணியவர் யார் என்றும் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒரு நூலில் மேற்கோளாக வந்ததை நாம் மீண்டும் எடுத்தாளும் இடம். கோல்ரிட்ஜின் கூற்றை நாம் ஏ. சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் துன்பியல் நாடக நூலில்தான் படித்தோம் என்றால், ‘பிராட்லி எடுத்துக்காட்டிய கோல்ரிட்ஜ் கூற்று’ என்று குறிப்பதே நேர்மை. கோல்ரிட்ஜையே படித்ததுபோல் காட்டிக்கொண்டால், இடையில் நேர்ந்த பிழைக்கும் நாமே பொறுப்பாளி ஆவோம்.

எவற்றிற்குத் தேவையில்லை?

பலரும் அறிந்த செய்திக்கு மூலம் வேண்டியதில்லை. நம் பட்டாபிராமை வைத்தே இதை விளக்கலாம். ‘பட்டாபிராம், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட இரயில் பாதையில் உள்ளது’ என்று எழுத யாரையும் சான்றுக்கு அழைக்க வேண்டாம். ‘தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இவ்வழியே சென்றது’ என்பதும் பல நூல்களில் ஒருபோல் காணப்படும் செய்தி, அதற்கும் தேவையில்லை. ‘பட்டாபிராமில் டைடல் பூங்கா 2024-இல் திறக்கப்பட்டது’ என்பதும் அத்தகையதே. ஆனால், ‘அப்பூங்காவால் இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும்’ என்று எழுதினால், அக்கணக்கு அரசு அறிக்கையிலா, நாளிதழிலா, எங்கே கண்டது என்று குறித்தாக வேண்டும். ‘அதனால் இவ்வூரின் வீட்டு வாடகை உயர்ந்துவிட்டது’ என்று நாமே தெருத் தெருவாக விசாரித்து எழுதினால் அது நம் சொந்த முடிவு. விசாரித்த விதத்தைச் சொன்னால் போதும். ஒரே ஊர், ஒரே பொருள். எழுதும் வாக்கியத்திற்கேற்ப விதி மாறுகிறது பாருங்கள்!

பழமொழிகளுக்கும், வழக்கில் கலந்துவிட்ட தொடர்களுக்கும் மூலம் தேவையில்லை. ஷேக்ஸ்பியரின் தொடர்கள் பல இன்று ஆங்கிலப் பேச்சில் கலந்து, பிறந்த இடம் மறந்து வழங்குகின்றன. அவற்றைப் போகிற போக்கில் ஆளும்போது மூலம் காட்டினால் படிப்பவர் நகைப்பார். அதே தொடரை எடுத்து வைத்துப் பொருள் ஆராய்ந்தால், அங்கம், காட்சி, அடி எண் காட்டியே ஆக வேண்டும். கட்டுரையின் தலைப்பில் அணியாக வைக்கும் மேற்கோளுக்கு ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் போதும் என்பது வழக்கம்.

மூலம் தேடினால் பொய் வெளிப்படும்

மூலம் காட்டுவதன் மிகப் பெரிய பயன், மூலம் தேட வைப்பதுதான் என்பேன். மெக்காலே பிரபு கூறியதாக ஒரு நீண்ட மேற்கோள் பல கட்டுரைகளிலும் மேடைகளிலும் உலவுகிறது. இந்தியா முழுவதும் சுற்றி வந்ததாகவும், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் காணவில்லை என்றும், இந்நாட்டின் பண்பாட்டு முதுகெலும்பை முறித்தாலன்றி இதை வெல்ல முடியாது என்றும் அவர் 1835 பிப்ரவரி 2-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாக அது சொல்கிறது. கேட்பதற்கு உள்ளம் கொதிக்கும். ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் காண உதகைக்குச் சென்றார். பின் கல்கத்தா சென்று தம் பணியைத் தொடர்ந்தார். 1838-இல்தான் இந்தியாவை விட்டு நீங்கினார். 1835 பிப்ரவரி 2-இல் அவர் கல்கத்தாவில் இருந்தார். பாராளுமன்றத்தில் எப்படிப் பேசியிருக்க முடியும்? அந்த நாளிட்டு அவர் எழுதிய புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் இவ்வாசகங்கள் இல்லை. மெக்காலேயின் கல்விக் கொள்கையைக் கடிந்து எழுத விரும்புவோருக்கு அந்த உண்மையான குறிப்பே போதிய சான்று தரும். பொய்ச் சான்று மெய் வழக்கையும் கெடுத்துவிடும்.

‘உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்று காந்தியடிகள் சொன்னதாக நாம் எழுதாத கட்டுரை இல்லை. 1958 முதல் 1994 வரை 100 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய எழுத்துத் தொகுப்பில் இவ்வாசகம் இவ்வடிவில் இல்லை. 1913-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அவர் எழுதிய ஒரு பகுதி இதற்கு நெருங்கிய கருத்துடையது. அக்கருத்தை அப்பகுதியின் பெயரால் எழுதலாம். இல்லாத வாசகத்துக்கு மேற்கோள் குறி இடுவது தகாது. இன்று கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத நூலுக்கும் பக்க எண் சொல்லக்கூடியவை. ஆகவே கண்ணால் காணாத பக்கத்தைக் கட்டுரையில் குறிக்காதிருப்பதே நலம். பட்டாபிராமிலிருந்து மின்சார இரயில் ஏறினால் கன்னிமாரா நூலகம் எட்டாத தொலைவில் இல்லை.

உரிமை வேறு, நன்றி வேறு

பாரதியார் படைப்புகளின் உரிமை 1949-இல் அரசால் பெறப்பட்டுப் பின்னர் பொதுமக்களுக்கே உரியதாக்கப்பட்டது. அவற்றை அச்சிட இன்று யாருடைய அனுமதியும் வேண்டாம். அதனால் அவர் பாட்டின் மொழிபெயர்ப்பைப் பெயரின்றி எழுதலாமா? கூடாது. பதிப்புரிமை காலத்தால் முடியும். ஆசிரியர் இன்னார் என்னும் உண்மை முடிவதில்லை. மொழிபெயர்ப்பை ஆளும்போது மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்தல் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. அவற்றின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். முறையாக மூலம் காட்டிய மேற்கோள் இக்கணக்கில் சேராது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேர்வு அறையில்

தேர்வில் நூலைப் பார்த்து எழுத இயலாது. பக்க எண்ணும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆசிரியர் பெயர், நூற்பெயர், நாடகமாயின் அங்கம் ஆகியவை போதும். சொற்கள் திண்ணமாக நினைவில் இருந்தால் மட்டும் மேற்கோள் குறி இடுங்கள். ஐயமிருந்தால் குறியை விட்டுவிட்டு, ‘இக்கருத்துப்பட இன்னார் கூறுகிறார்’ என்று அயற்கூற்றில் எழுதுங்கள். வீட்டில் எழுதும் கட்டுரையில் நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடை மேற்கோளை, ஓரம் உள்தள்ளித் தனிப் பத்தியாக, மேற்கோள் குறியின்றி எழுதுவது எம். எல். ஏ. முறை.

நம்மில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஆங்கிலம் நம் வீட்டு மொழி அன்று. நாம் ஒரு நல்ல வாக்கியம் எழுதிவிட்டால், “இதை எங்கிருந்து எடுத்தாய்?” என்ற வினா எழுவதும் உண்டு. அதற்கு விடை நம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வாங்கியதை எல்லாம் வாங்கியது என்று எழுதி வைத்தவனிடம், மீதி யாருடையது என்று எவரும் கேட்க முடியாது; அது அவனுடையது. மூலம் காட்டாத கட்டுரையிலோ, நாம் இரவெல்லாம் விழித்திருந்து சொந்தமாக எழுதிய நான்கு வரியும் இரவலோடு இரவலாகப் போய்விடும். பிறர்க்கு உரியதைப் பிறர்க்குக் கொடுத்து, நமக்கு உரியதை நாமே பெறுவோமாக!