மொழிகளின் உறவு

திண்டுக்கல் நகரின் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று செவி சாய்த்தால், தமிழோடு வேறு சில மொழிகளின் ஒலியும் நம் காதில் விழும். நெசவாளர் குடும்பங்கள் சிலவற்றில் சௌராட்டிர மொழி வழங்குகின்றது. சுற்றியுள்ள சமவெளியூர்களிலிருந்து வரும் உழவருள் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டு மொழியாகக் கொண்டோர் உளர். ஓரூரில் வழங்கும் இம்மொழிகள் யாவும் ஓரினத்தனவா? ஒரு மொழி மற்றொன்றிற்கு உறவு என்பதை எதனைக் கொண்டு துணிவது? இதனை அறிய, தொலைவிலுள்ள இரு மொழிகளை முதலில் ஒப்பிட்டுப் பார்ப்போம். அவை இத்தாலியமும் மலாயும் ஆகும்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதிய பழைய அறிஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் அந்தோனியோ பிகாபெத்தா. இத்தாலி நாட்டு விசென்சா நகரத்தவராகிய அவர், மகெல்லனின் தலைமையில் 1519-இல் புறப்பட்ட கப்பற்கூட்டத்தோடு சென்றவர். 1521-இல் கீழைத் தீவுகளை அடைந்தபோது, மலாய்ச் சொற்கள் நானூற்றுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி, அவற்றின் பொருளைத் தம் மொழியில் எழுதி வைத்தார். வணிகருக்கும் மாலுமிகளுக்கும் அது பெருந்துணையாக இருந்திருக்கும்.

அத்தகைய பட்டியலைக் காண்போர் ஒரு சொல்லில் மயங்கக்கூடும். இத்தாலியர் இரண்டு என்னும் எண்ணைத் 'தூவே' என்பர். மலாயர் 'துவா' என்பர். இவை உறவுச் சொற்கள் அல்லவோ என்று தோன்றும். ஆயின் மேலும் எண்ணிப் பார்க்க. மூன்று இத்தாலியத்தில் 'திரே', மலாயில் 'தீகா'. ஏழு அங்கே 'செத்தே', இங்கே 'துஜோ'. எட்டு அங்கே 'ஒத்தோ', இங்கே 'லாப்பான்'. இரண்டில் கண்ட ஒப்புமை ஏனைய எண்களில் இல்லை. அது தற்செயலாய் நேர்ந்ததே ஆகும்.

இனி, அவ்வெண்களை வடமொழியோடு ஒப்பிடுக. துவி, திரி, சப்த, அஷ்ட என்பவை இத்தாலிய எண்களோடு வரிசையாக ஒத்து வருகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சியிலும் கோவாவிலும் தங்கிய பிலிப்போ சாசெத்தி என்னும் இத்தாலிய வணிகர் இவ்வொப்புமையைக் கண்டு வியந்து எழுதினார். இத்தாலியமும் வடமொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மலாயோ ஆஸ்திரோனேசியக் குடும்பத்தது. கண்ணை மலாயரும் பிலிப்பைன் தீவின் தகாலர்களும் 'மாத்தா' என்பர். கடல் கடந்த அவாய்த் தீவினர் 'மாக்கா' என்பர்.

ஒரு சொல் இரு மொழிகளிலும் காணப்படுதற்குக் கடன் கொள்ளுதலும் ஒரு காரணமாகும். கோடையில் நத்தத்து மாங்காய் திண்டுக்கல் சந்தைக்கு வருகின்றது. தமிழில் மாங்காய் என்றும், மலையாளத்தில் மாங்ங என்றும் வழங்கும் நம் நாட்டுச் சொல்லே மலாயில் 'மங்கா' என்றும், போர்த்துகீசியர் வழியாக இத்தாலியத்தில் 'மாங்கோ' என்றும் ஆயிற்று என்பர். நம் கப்பலை மலாயர் 'காப்பல்' என்றும், கடையைக் 'கெடாய்' என்றும், கட்டிலைக் 'காத்தில்' என்றும் வழங்குகின்றனர். இவை பண்டை வணிகத்தின் சுவடுகளேயன்றிப் பிறப்புறவின் சான்றுகள் ஆகா. சரக்கோடு சொல்லும் கப்பலேறும்.

இலக்கண அமைப்பில் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தலும் தவறாகும். இத்தாலியத்தில் 'மாஞ்சோ' என்றால் உண்கிறேன். 'மாஞ்சி' என்றால் உண்கிறாய். தமிழைப் போலவே வினையின் ஈறு இடத்தை உணர்த்துகின்றது. மலாயிலோ, உண்பவர் யாராயினும் 'மாக்கான்' என்பது மாறாது. இதனால் தமிழுக்கு இத்தாலியம் உறவு எனலாமோ? அற்றன்று. முன்னிலையாரை உளப்படுத்தி 'நாம்' என்றும், உளப்படுத்தாது 'நாங்கள்' என்றும் நாம் கூறுவதைப் போல, மலாயரும் 'கீத்தா', 'காமி' என இரண்டாகப் பகுப்பர். இத்தாலியத்தில் அப்பகுப்பு இல்லை. பெரிய வீட்டை இத்தாலியர் 'காசா கிராந்தே' என்றும், மலாயர் 'ரூமா பெசார்' என்றும் கூறுவர். இரண்டிலும் அடைமொழி பெயருக்குப் பின்னே நிற்கின்றது; தமிழில் முன்னே நிற்கின்றது. இவ்வாறு உறவில்லாத மொழிகளும் ஒவ்வொரு கூற்றில் ஒத்து நிற்றல் உண்டு.

ஆகவே, உறவுக்குச் சான்று யாது? உடலுறுப்பு, எண், உறவுமுறை முதலிய அடிப்படைச் சொற்கள் ஒத்தல் வேண்டும். அவ்வொப்புமையில் ஓர் ஒழுங்கும் வேண்டும். தமிழில் பால், பல், புலி, பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என வருகின்றன. பகரம் நின்ற இடந்தோறும் ஹகரம் நிற்றல் காண்க. இஃது தற்செயலும் அன்று, கடனும் அன்று, பிறப்புறவேயாம்.

இம்முறையை அறியாத காலத்தில், தமிழில் கலந்த வடசொற்களை மட்டும் நோக்கி, தமிழ் வடமொழியினின்று பிறந்தது என்றனர் சிலர். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இல் எல்லிஸ் என்பார் சான்று காட்டி விளக்கினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலால் அதனை நிலைநாட்டினார். அதே அளவுகோல் நம்மையும் கட்டுப்படுத்தும். 'காப்பல்' என்னும் ஒரு சொல்லைக் கேட்டு, மலாய் தமிழின் மகள் என்று நாம் கூறுதலும் பிழையே.

இப்போது நம் கடைத்தெருவிற்குத் திரும்புவோம். தெலுங்கும் கன்னடமும் தமிழின் உடன்பிறப்புகள். சௌராட்டிரமோ, பல்லாயிரங்கல் தொலைவிலுள்ள இத்தாலியத்தின் தூரத்து உறவு. திண்டுக்கற் பூட்டின் துளையில் பல திறவுகோல்கள் நுழையக்கூடும். உள்ளிருக்கும் நெம்புகள் அனைத்தோடும் பொருந்துவதே பூட்டைத் திறக்கும். மொழியுறவை ஆராய்வோரும் ஒரு சொல்லின் ஒப்புமையில் மகிழ்ந்து நின்றுவிடாது, சான்றுகள் யாவும் பொருந்துகின்றனவா என்று நோக்குதல் வேண்டும்.