பின்விளக்கைக் கறுப்பாக்கலாமா?

மோட்டார் சைக்கிளின் பின்விளக்கில் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டுவதை நம் இளைஞர் சிலர் அழகாகக் கருதுகின்றனர். பகலில் அழகுதான். பின்னால் வருபவருக்கு அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

பின்விளக்கின் சாதாரண மின்குமிழில் இரண்டு இழைகள் உண்டு. 5 வாற்று இழை இரவில் தொடர்ந்து எரியும். பிரேக் பிடித்தால் 21 வாற்று இழை பளிச்சிடும். ஸ்ரிக்கர் ஒட்டினால் இரண்டுமே மங்கிவிடும். வெயிலில் பிரேக் விளக்கு எரிவதே தெரியாது.

ஒளிதெறிப்பானுக்கோ இரட்டை நட்டம். லொறியின் வெளிச்சம் ஸ்ரிக்கரைக் கடந்து உள்ளே போய், அதனூடாகவே திரும்பவேண்டும். பாதி வெளிச்சத்தை மறைக்கும் ஸ்ரிக்கரானால், கால்வாசியே சாரதியின் கண்ணுக்குத் திரும்பும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும்.

இரவில் பின்புறம் சிவப்பு விளக்குத் தெரியவேண்டும் என்பது சட்டம். மறைத்தால் பொலிசார் வழக்குப் போடலாம். விபத்து நடந்தால் இடித்தவரை மட்டும் குற்றஞ்சொல்லவும் முடியாது.

ஸ்ரிக்கர் ஒட்டாமலே உழவு இயந்திரப் பெட்டியின் விளக்கை நாம் மறைத்துவிடுகிறோம்: சேறு, வைக்கோல், தொங்கும் படங்கு. இடம்பெயர்ந்து இருக்கும் இடத்திலிருந்து வயல் தூரம்; திரும்ப இருட்டிவிடும்; பெட்டியில் பிள்ளைகளும் இருப்பார்கள். வீதியில் ஏறுமுன் ஈரத்துணியால் விளக்கைத் துடைப்போம். ஸ்ரிக்கரைச் சுடுநீரில் நனைத்து உரிக்கலாம். பெற்றோல் போட்டால் பிளாஸ்ரிக் மங்கும். விளக்கே இல்லாத பெட்டியென்றால், அகலம் தெரியும்படி இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிதெறிப்பான் பூட்டி, கூடியவரை பொழுதிருக்கவே புறப்படுவோம்.