கைக்கு வருவது எவ்வளவு? வாடகைக்குப் போவது எவ்வளவு?

புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. அங்கே கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, சாக்கன் பகுதிகளில் தொழிற்சாலைகள் நிறைய உண்டு.

நம் ஊர்த் தொழிலாளி ஒருவருக்குப் போசரியில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். ஓர் அறைக்கு வாடகை 6,000 ரூபாய்.

"பதினெட்டுல ஆறு போனா பன்னெண்டு. தாராளமாப் போதும்" என்கிறார் கணவர்.

"ஏங்க, எழுதிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்கிறார் மனைவி.

நாமும் எழுதிப் பார்ப்போம்.

முதல் கணக்கு: கைக்கு வருவது

சம்பளம் முழுவதும் கைக்கு வராது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள். இவருக்கு அந்த இரண்டும் சேர்ந்து 15,000 ரூபாய்.

சம்பளம்: 18,000
பி.எஃப்.: 1,800
இ.எஸ்.ஐ.: 135
தொழில் வரி: 200
மொத்தப் பிடித்தம்: 2,135
கைக்கு வருவது: 15,865

பிப்ரவரி மாதம் மட்டும் தொழில் வரி 300 ரூபாய். பி.எஃப். பணம் வீண் போகாது. அது உங்கள் சேமிப்பு. முதலாளியும் தம் பங்கைக் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம்.

இரண்டாம் கணக்கு: வாடகைக்கு மிஞ்சுவது

ஊருக்கு அனுப்ப: 5,000
சாப்பாடு: 4,500
பஸ்: 800
போன்: 300
சோப்பு, துணி, மருந்து: 700
மொத்தம்: 11,300

15,865-இல் 11,300 போனால் மிச்சம் 4,565 ரூபாய்.

அறை வாடகை 6,000. கரண்டுக்கும் தண்ணீருக்கும் 400. ஆக 6,400 வேண்டும். மாதம் 1,835 ரூபாய் துண்டு விழும். ஓர் ஆண்டில் 22,020 ரூபாய் கடன் ஏறிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவர் பங்கு 3,200. அப்போது 1,365 ரூபாய் மிஞ்சும்.

மூன்றாம் கணக்கு: முதல் மாதம்

பலர் மறந்துவிடும் கணக்கு இது. முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். ஆனால் முன்பணம் முதல் நாளே கேட்பார்கள்.

மூன்று மாத வாடகை முன்பணம் என்றால் 18,000. அதில் ஒருவர் பங்கு: 9,000
முதல் மாத வாடகையும் கரண்டும்: 3,200
சாப்பாடு: 4,500
பஸ்: 800
மொத்தம்: 17,500

ரயில் செலவு தனி. இந்தப் பணம் கையில் இல்லாமல் கிளம்பினால் வட்டிக்கு வாங்க வேண்டிவரும். முன்பணக் கடன் 9,000 ரூபாயை மட்டும் அடைக்கவே ஏழு மாத மிச்சம் போய்விடும். வட்டி வேறு. அந்த முதல் மாதம் ஊருக்கும் பணம் வராது. வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. முன்பணத் தொகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மொழி புரியாவிட்டால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள்.

மராத்திச் சொற்கள் மூன்று:
கோலி – அறை
பாடே – வாடகை
பாவ்தி – ரசீது

கணக்குப் போடுங்கள்

1. மேலே உள்ள செலவுகள் உதாரணம்தான். உங்கள் செலவுகளை எழுதிக் கூட்டுங்கள். வாடகைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

2. தூரத்தில் உள்ள அறைக்கு வாடகைப் பங்கு 500 ரூபாய் குறைவு. பஸ் செலவு 700 ரூபாய் அதிகம். எந்த அறை லாபம்?

3. இந்தத் தொழிலாளி ஊருக்கு 6,500 ரூபாய் அனுப்ப வேண்டும். இருவர் சேர்ந்து தங்கினாலும் கட்டுப்படியாகுமா?