கணிப்பொறியில் முகம் படைத்தல்

முன்னுரை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அகம் என்று அவர்கள் கூறியது உள்ளத்தை. கணிப்பொறியில் முகம் படைக்க முற்படுவோர்க்கோ, அகம் என்பது தோலுக்குள் இருக்கும் தசையும், தசைக்குள் இருக்கும் எலும்பும் ஆகும். இவ்விரண்டையும் அறியாமல் வரையப்படும் முகம் எத்துணை வண்ணம் பூசினும் பொம்மை முகமாகவே நிற்கும்.

இன்றைய மாயக்கதை வீடியோ கேம்கள் பலவற்றில், ஆட்டம் தொடங்குமுன் ஆடுபவர் தம் பாத்திரத்தின் முகத்தைத் தாமே அமைத்துக்கொள்ள ஒரு பகுதி உண்டு. மூக்கை நீட்டலாம், தாடையை அகலமாக்கலாம், நிறத்தை மாற்றலாம். வீரனாகவோ மந்திரவாதியாகவோ அரக்கனாகவோ உருவெடுக்கலாம். இப்பகுதியில் உண்மை போன்ற முகம் எவ்வாறு பிறக்கிறது? சில முகங்கள் உயிருள்ளவைபோல் தோன்ற, வேறு சில ஏன் அருவருப்பூட்டுகின்றன? நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சான்றுகளையும் துணைக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்லைடர் செய்யும் பணி

கணிப்பொறியில் ஒரு முகம் என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன ஒரு வலை. மீனவரின் வலையில் ஒரு முடிச்சை இழுத்தால் அருகிலுள்ள கண்ணிகளும் சேர்ந்து நகர்வதுபோல, இவ்வலையிலும் புள்ளிகளை நகர்த்தி வடிவத்தை மாற்றலாம். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே நகர்த்துதல் இயலாத காரியம். ஆகவே ‘ஸ்லைடர்’ எனப்படும் நகர்த்துபட்டை ஒன்று ஒரு புள்ளிக் கூட்டத்தையே ஒரு திசையில் நகர்த்துமாறு அமைக்கப்படுகிறது. அடிப்படை முகத்தில் மூக்கின் நீளம் 50 மில்லிமீட்டர் என்றும், நீண்ட வடிவில் 58 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பட்டையைப் பாதி தூரம் நகர்த்தினால் 54 மில்லிமீட்டர் கிடைக்கும். இதில் அடங்கிய கணக்கு அவ்வளவே.

இடர்ப்பாடு பிறிதோரிடத்தில் உள்ளது. மனித முகத்தில் உறுப்புகள் தனித்தனியே வளர்வதில்லை; மூக்கும் தாடையும் பல்வரிசையும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்கின்றன. தனித்தனிப் பட்டைகளோ இவ்வுறவை அறியா. ஒருவர் முப்பது பட்டைகளையும் மனம்போனவாறு நகர்த்தினால், தனித்தனியே நோக்கும்போது பிழையற்ற உறுப்புகள் கிடைக்கும்; ஆனால் அவை ஒரே முகத்தில் இணங்கி அமையமாட்டா.

இதற்கு ஒரு தீர்வை 1999ஆம் ஆண்டில் பிளான்ஸ், வெட்டர் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 100 ஆண்கள், 100 பெண்கள் ஆகியோரின் தலைகளை லேசர் ஒளியால் அளந்து, அவற்றின் சராசரி முகத்தைக் கணித்தனர். அச்சராசரியிலிருந்து மனித முகங்கள் எவ்வெத் திசைகளில் விலகுகின்றன என்பதைப் புள்ளியியல் முறையில் வகுத்தனர். இம்முறையில் ஓர் உறுப்பு மாறினால், அதனுடன் இயல்பாகச் சேர்ந்து மாறும் உறுப்புகளும் மாறும். புள்ளியியல் வழியில் அமைந்த ‘ஃபேஸ்ஜென்’ என்னும் மென்பொருளே 2006இல் வெளிவந்த ‘ஒப்லிவியன்’ என்ற புகழ்பெற்ற மாயக்கதை விளையாட்டில் முகம் படைக்கப் பயன்பட்டது.

சிற்பியின் அளவும் கணிப்பொறியின் சராசரியும்

சராசரி முகம் ஒன்றை அடிப்படையாகக் கொள்வது நமக்குப் புதியதன்று. நம் மாவட்டத்துக் கழுகுமலையில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் குடையப்பட்ட வெட்டுவான் கோயிலைக் காண்போர் அச்சிற்ப முகங்களின் அமைதியில் மனத்தைப் பறிகொடுப்பர். சிற்ப நூல் மரபில் முகத்தின் நீளமே ‘தாலம்’ என்ற அளவு. ஒரு தாலம் 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அம்முக நீளத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. நெற்றியின் மேல்விளிம்பிலிருந்து புருவம் வரை, புருவத்திலிருந்து மூக்கின் நுனி வரை, அங்கிருந்து மோவாய் வரை என முகம் மூன்று சம பங்குகளாகப் பிரிக்கப்படும்.

சிற்பி இவ்வளவை இலக்காகக் கொண்டான். ஏனெனில் அவன் படைத்தது தெய்வத்தை. மனிதரைப் படைக்க விரும்புவோர்க்கு இது புறப்படும் இடம் மட்டுமே. மூன்று பங்குகளும் சமமாக அமைந்த மனிதர் அரியர். ஒருவருக்கு நெற்றி சிறுத்து மோவாய் நீண்டிருக்கும். மற்றொருவருக்கு மூக்கு ஒருபுறம் சிறிது சாய்ந்திருக்கும். பிறர் நம்மை இன்னாரென அறிவதே இச்சிறு விலகல்களால்தான். விளையாட்டுகளில் இடப்பாதியை வலப்பாதியாகத் திருப்பிப் பதித்த முகங்கள் உயிரற்றுத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒரு புருவத்தைச் சிறிது உயர்த்தி, வாயின் ஓரத்தை மயிரிழை தாழ்த்தினாலே போதும். முகம் ஒரு மனிதருக்கு உரியதாகிவிடும்.

எலும்பே அடித்தளம்

மனித மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 முகத்தைச் சேர்ந்தவை. இவ்வெலும்புகளிலிருந்தே முகத்தை மீட்டெடுக்க முடியும் என்பதை அண்மைக் காலத்தில் தமிழகம் கண்ணாரக் கண்டது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் முதுமக்கள் தாழிகளிலிருந்து கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, அவர்தம் முகங்கள் கணிப்பொறியில் உருவாக்கப்பட்டு 2025இல் வெளியிடப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் இணைந்து இப்பணியைச் செய்தன.

இதன் முறை வருமாறு: முதலில் மண்டையோட்டை ஸ்கேன் செய்து கணிப்பொறிக்குள் கொணர்வர். பின்னர் எலும்பின் மேல் குறிப்பிட்ட இடங்களில் சதையின் கனத்தைக் குறிப்பர். நெற்றியில் இக்கனம் சில மில்லிமீட்டரே. கன்னத்தில் அதைப்போல் பல மடங்கு. அதன்மேல் மெல்லும் தசை, சிரிக்கும் தசை, கண்ணைச் சுற்றிய தசை என ஒவ்வொன்றாகப் பொருத்தி, இறுதியில் தோலைப் போர்த்துவர். மூக்கெலும்பும் அதன் கீழுள்ள சிறு முள்ளெலும்பும் மூக்கின் போக்கைக் காட்டும். பல்வரிசை வாயின் அமைப்பைக் காட்டும்.

ஆனால் எலும்பு எல்லாவற்றையும் கூறிவிடுவதில்லை. தோலின் நிறம், முடி, கண்ணின் நிறம் ஆகியவற்றை எலும்பின் வடிவம் சொல்லாது. காது மடலின் வடிவைக் குறித்தும் அது தரும் குறிப்பு மிகக் குறைவு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் முகம் 2013இல் அவரது மண்டையோட்டிலிருந்து உருவாக்கப்பட்டது. 2014இல் வெளியான மரபணு ஆய்வு, அவருக்கு நீலக் கண்களும் வெளிர் நிற முடியும் இருந்திருக்கக்கூடும் என்று காட்டியது. அதன்பின் அவ்வுருவின் கண்ணும் முடியும் நிறம் மாற்றப்பட்டன. எலும்பின் மேல் எழுந்த முகவடிவமோ மாறாமல் நின்றது.

விளையாட்டுக்கு முகம் அமைப்போரும் இவ்வரிசையையே பின்பற்றுதல் நலம். முதலில் கண்குழி, கன்ன எலும்பு, தாடை, அடுத்துச் சதை, கடைசியில் நிறமும் முடியும். பெரும்பாலோர் நிறத்திலும் தலையலங்காரத்திலும் தொடங்குவதால்தான் ஒரே முகம் பல வேடத்தில் வருவதாகத் தோன்றுகிறது.

கண்ணும் தோலும்

1970ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி ஓர் உண்மையை எடுத்துரைத்தார். செயற்கை உருவம் மனிதரை ஒத்துவர ஒத்துவர அதன்மீது நமக்கு விருப்பம் கூடுகிறது. ஆனால் மிக நெருங்கி வந்து முழுதும் ஒவ்வாத நிலையில், விருப்பம் திடீரெனச் சரிந்து அச்சமாகிறது. இவ்வச்சத்திற்குக் கண்ணே பெரும்பாலும் வாயிலாகிறது.

வளர்ந்த மனிதரின் கண்விழியின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இது ஆளுக்கு ஆள் மிகச் சிறிதளவே மாறுபடும். ஒருவரைப் ‘பெரிய கண்ணழகி’ என்று நாம் புகழும்போது உண்மையில் பெரிதாயிருப்பது இமைகளின் இடைவெளியே. ஆகவே கண்ணைப் பெரிதாக்க விரும்புவோர் விழியைப் பெருக்காமல் இமையைத் திறத்தல் வேண்டும். அவ்வாறே, மெய்யான சிரிப்பில் கன்னம் உயர்ந்து கண்ணும் சுருங்கும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதினார். வாய் மட்டும் சிரித்துக் கண் சிரிக்காத பாத்திரத்தை எவரும் நம்பார்.

தோலைப் பற்றி நம் கடற்கரையார் தனியே அறிய வேண்டியது ஒன்றுண்டு. தோலின்மேல் விழும் ஒளியில் ஒரு சிறு பகுதி மேற்பரப்பிலேயே பளபளப்பாகத் திரும்புகிறது. எஞ்சியது உள்ளே புகுந்து சிதறி, நிறம் பெற்று வெளிவருகிறது. மேற்பரப்பில் திரும்பும் ஒளி எல்லா நிறத் தோலுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கருநிறத் தோலில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவாதலால் இப்பளபளப்பு மிகுதியாகப் புலப்படும். முகத்தின் மேடுபள்ளங்களை நமக்குக் காட்டுவதும் அதுவே. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளியின் வியர்வை பூத்த முகத்தைப் பாருங்கள். கன்ன எலும்பும் மூக்குத் தண்டும் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன! வெள்ளைத் தோலுக்கென அமைத்த முகத்தில் நிறப் பட்டையை மட்டும் கருமைப் பக்கம் நகர்த்தினால் கிடைப்பது களிமண் முகம். பளபளப்பையும், நெற்றிக்கும் கன்னத்திற்கும் கண்ணோரத்திற்கும் உள்ள நிற வேறுபாட்டையும் சேர்த்து அமைத்தாலன்றி அது மனித முகம் ஆகாது.

மாயமும் மெய்யும்

“அரக்கர்க்கும் மாய மாந்தர்க்கும் மெய்ம்மை எதற்கு?” என்று சிலர் வினவலாம். இதற்கு விடை குலசேகரன்பட்டினத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரியில் முத்தாரம்மன் கோயில் தசராவிற்கு விரதமிருக்கும் பக்தர்கள் காளி, குரங்கு, கரடி, குறத்தி, போலீஸ் எனத் தமக்குரிய வேடத்தைத் தாமே தேர்ந்து புனைகின்றனர். காளி வேடத்தில் நீண்ட நாக்கும் கோரைப்பல்லும் உயர்ந்த முடியும் உண்டு. ஆனால் அவற்றின் நடுவே நம்மை நோக்கும் கண்கள் ஒரு மனிதருடையவை. மூச்சு வாங்கும் மூக்கும் மெய்யானது. காண்போர்க்கு மெய்சிலிர்ப்பது அதனாலேயே.

விளையாட்டிலும் இதே நெறி பொருந்தும். ஓர் உறுப்பை மிகைப்படுத்தினால் ஏனையவற்றை மெய்ம்மைக்கு அருகில் நிறுத்துக. மேலும் அம்மிகைக்கு எலும்பில் இடம் தருக. கீழ்த்தாடைக் கோரைப்பல்லை நீட்டினால், அதன் வேர் தங்கத் தாடை அகல வேண்டும். மேலுதடு விலக வேண்டும். காதை நீட்டினால் அது ஒட்டியிருக்கும் இடம் தடிக்க வேண்டும். இவ்வாறு காரணத்தோடு வளர்ந்த கற்பனை உறுப்பைக் கண் ஏற்றுக்கொள்ளும்.

எவருடைய முகம்?

இனி, இவ்வாய்வில் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடத்திற்கு வருவோம். சராசரி முகம் எவர் முகங்களிலிருந்து கணிக்கப்பட்டதோ, அவர் முகங்களையே அம்முறை நன்கு படைக்கும். 1999ஆம் ஆண்டு ஆய்வை வெளியிட்டவர்களே, தம் தொகுப்பு ஐரோப்பிய இனத்தாரின் முகங்களுக்குப் போதுமானது என்றும், குழந்தைகள், முதியோர், பிற இனத்தார் ஆகியோருக்கும் அதனை விரிவாக்க விரும்புவதாகவும் எழுதினர். தொகுப்பில் இல்லாத முகத்தைப் பட்டைகள் எட்டுவது அரிது. தூத்துக்குடி மாணவி ஒருத்தி தன்னையே கதைத்தலைவியாக்க விரும்பி ஒரு மணி நேரம் முயன்றும், திரையில் கிடைப்பது கறுப்பு வண்ணம் பூசிய ஓர் அயல்நாட்டுப் பெண்ணே என்றால், கதைத்தலைவியாகும் தகுதி தன் முகத்திற்கு இல்லை என்றன்றோ அவள் கருதுவாள்?

மற்றொரு தீங்கும் உண்டு. தாமிரபரணிக் கரையில் நம் ஆதிச்சநல்லூரை 1876இல் ஜெர்மானியரான ஜாகர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிய சூக்கர்மனின் ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. அக்கால அறிஞர் பலர் மண்டையோட்டை அளந்தது, மனிதரை இன்ன இனம் என்று பெட்டியில் அடைப்பதற்காக. மாயக்கதை விளையாட்டுகளும் ‘இனம்’ என்ற சொல்லையே கையாண்டு, அகன்ற மூக்கும் தடித்த உதடும் உடையவரை முரடராகவும், கூரிய மூக்கும் வெண்ணிறமும் உடையவரை அறிவாளராகவும் காட்டுவதுண்டு. கொந்தகை முகங்கள் வெளிவந்தபோதும் அவற்றின் தோல் நிறத்தைப் பற்றியே பலர் வாதிட்டனர். எலும்பு சொல்லாத செய்தியைக் கொண்டு உறவும் பகையும் தேடினர்.

கொற்கை காலந்தொட்டு முத்துக்கும் வாணிகத்திற்கும் பல நாட்டார் வந்து சென்ற கரை நமது. இங்குக் கடற்கரை முகம் என்று ஒரே அச்சு கிடையாது. மீன் ஏலக்கூடத்தில் பத்து நிமிடம் நின்றால் பத்து வகை மூக்கையும் பத்து வகைத் தாடையையும் காணலாம். எந்த மூக்கும் எந்தக் குணத்தையும் கூறாது.

முடிவுரை

ஆகவே, முகம் படைக்கும் கலையில் ஈடுபட விரும்பும் மாணவ நண்பர்கள் முதலில் ஒரு நிலைக்கண்ணாடியின்முன் அமர்ந்து தம் முகத்தின் மூன்று பங்குகளையும் அளந்து எழுதுக. எங்கெங்கு அது சமத்திலிருந்து விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்க. அடுத்து, வீட்டிலுள்ள மூத்தோரின் இசைவு பெற்று அவர் முகங்களையும் அவ்வாறே அளக்க. பிறர் முகம் பிறர் உடைமை. இசைவின்றி அதனைக் கணிப்பொறியில் ஏற்றலாகாது. விலங்கியல் துறையினர் எலும்பையும், கணிதத் துறையினர் சராசரியையும், கணிப்பொறித் துறையினர் வலையையும் பங்கிட்டுக்கொண்டால், இக்கடற்கரை மக்களின் முகங்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு தொகுப்பை நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். அத்தொகுப்பிலிருந்து எழும் மாயக்கதையில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, முகத்தை மாற்றிக்கொள்ளாமலே வாளேந்தி நிற்பாள்.