இமை வீக்கம் வடியவில்லையா?

காலையில் இமை உப்பியிருந்தால் பெரும்பாலும் அலர்ஜி, கண்கட்டி, தூக்கக்கேடு என்று ஏதாவது ஒன்றுதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் வடியாவிட்டால், சொட்டு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மேல் இமை இரண்டும் வீங்கி ஊதா நிறம் படர்ந்தால், அது ‘டெர்மட்டோமயோசைட்டிஸ்’ என்ற அரிய நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் நோய் இது. நம் மாநிறத் தோலில் ஊதா பளிச்சென்று தெரியாது. கருவளையம் என்றே நினைத்துவிடுவோம். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். விரல் கணுக்களின் மேல் சிவந்த தடிப்பு உண்டா? தலைவாரக் கையைத் தூக்க முடிகிறதா? தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? சந்தேகம் வந்தால் ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள். சி.பி.கே. ரத்தப் பரிசோதனை தசை பாதிப்பைக் காட்டும். சிலருக்கு இந்நோய் தோலில் மட்டுமே வரும் என்பதால், ரத்தப் பரிசோதனை நார்மல் என்றாலும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இந்நோயோடு புற்றுநோயும் சேர்ந்திருக்கக்கூடும். அதற்கான பரிசோதனைகளைத் தட்டிக்கழிக்கவே வேண்டாம்.

சிறுநீர் நுரைத்து, காலும் வீங்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். விழி பிதுங்கினால் தைராய்டு கோளாறாக இருக்கலாம். சிகரெட் அதை மோசமாக்கும் என்பதால், பிடிப்பவர்கள் உடனே நிறுத்துங்கள்.

விழுங்கச் சிரமம், மூச்சுத்திணறல், காய்ச்சலோடு ஒரு கண் மட்டும் வீங்கிப் பார்வை மங்குதல் என ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் வடியும், நோய் மறைந்துகொள்ளும். பிறகு பயாப்ஸியில்கூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.