சொல்லாமல் சுமக்க வேண்டாம்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் இல்லறமும்



இந்த இதழின் பாடம் சிலருக்கு வாசிக்கக் கூச்சமாயிருக்கலாம். ஆயினும் பொறுமையோடு கடைசிவரை வாசியுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும், தம்பதியர் கூடுகையிலும், முக்கியமாக உங்கள் சொந்த வீட்டிலும் இதைப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1890களில் ஓர் இரவு திண்டிவனத்தில் நடந்ததை உங்களில் அநேகர் கேட்டிருப்பீர்கள். மருத்துவ மிஷனரியான தன் தகப்பனாரின் வீட்டிலிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கெஞ்சினார்கள். அவர் மருத்துவம் படித்தவரல்ல. மருத்துவரான தகப்பனாரை அழைத்துப்போகவோ அவர்கள் சம்மதிக்கவில்லை, அவர் ஆண். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது. 1900 ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தம் பணியைத் தொடங்கினார்.

இன்று நம்முடைய சகோதரிகள் மருத்துவமனைக்குள் வந்துவிடுகிறார்கள். மார்பில் கட்டி என்று சொல்லவும் துணிந்துவிட்டார்கள். ஆனால் சிகிச்சையினால் வரும் வேதனைகளில் பாதியை, அதிலும் கணவன் மனைவி உறவைத் தொட்ட வேதனைகளை, இன்னும் யாரிடமும் சொல்வதில்லை. அன்று மூன்று உயிர்களைக் கொண்டுபோன அதே வெட்கம் இன்று வேறு விதமாய் நஷ்டம் உண்டாக்குகிறது.

ஒரு வீட்டை மனதில் நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து மனைவி வீடு திரும்பியிருக்கிறாள். கணவர் தம் பாயை எடுத்துக்கொண்டு முன்னறையில் படுக்கத் தொடங்குகிறார். தூக்கத்தில் புண்ணின்மேல் கை பட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. "என்னைப் பார்க்கவே இவருக்குப் பிடிக்கவில்லை" என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த கீமோதெரபிக்குத் தேதி வரும்போது, "போதும், நான் வரவில்லை" என்கிறாள். மருந்து தாங்கவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் அந்தப் பாய். இது கற்பனையாய்ச் சொன்ன வீடுதான். ஆனாலும் இப்படிப்பட்ட மௌனம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

1. சிகிச்சை உடலில் என்ன செய்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லுகிற கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை ஆகிய இவற்றில் சிலவோ எல்லாமோ கொடுக்கப்படும்.

மார்பகத்தை முழுவதும் எடுத்தே தீரவேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். கட்டியை மட்டும் அகற்றி, பிறகு கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்பதை 1985 ஆம் ஆண்டிலும், மறுபடியும் இருபது ஆண்டுத் தொடர்ச்சிக்குப்பின் 2002 ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வு முடிவுகள் காட்டின. எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டியின் அளவும் பரவியிருக்கும் இடமும் பார்க்கவேண்டும். ஆனால் "மார்பகத்தைக் காப்பாற்ற வழியுண்டா?" என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்பதற்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமையுண்டு. அப்படிக் கேட்பது வீண் ஆசையல்ல.

கீமோதெரபி வேகமாய்ப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்களோடுகூட முடியின் வேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை இவற்றிலுள்ள நல்ல செல்களும் அடிபடுகின்றன. முடி கொட்டுவதற்கும் வாய்ப்புண்ணுக்கும் வாந்திக்கும் இரத்த அணுக்கள் குறைவதற்கும் காரணம் இதுவே. சிகிச்சை முடிந்தபின் நல்ல செல்கள் மீண்டும் பெருகும். முடி சாதாரணமாக இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கத் தொடங்கும்.

2. வீட்டில் செய்யக்கூடியவை

வாந்தி: வாந்தி வந்தபின் மாத்திரை தேடுவதைவிட, மருத்துவர் சொன்ன நேரத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதற்குப் பதிலாக, இட்லி, கஞ்சி, மோர் சாதம் என்று கொஞ்சங்கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம். தாளிக்கும் வாசனை குமட்டினால், அந்த நாட்களில் சமையலை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

வாய்ப்புண்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, ஒரு நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கலாம். காரமும் புளிப்பும் சில நாட்கள் வேண்டாம். மெல்லிய பிரஷ் உபயோகிக்கவும்.

களைப்பு: இது சோம்பலல்ல. ஓய்வு தேவை, ஆனால் நாள் முழுவதும் படுத்திருந்தால் களைப்பு கூடும். காலையிலோ மாலையிலோ சற்று நடப்பது களைப்பைக் குறைக்கிறது.

கதிர்வீச்சு கொடுத்த தோல்: தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். உடலில் போட்ட குறிகளைத் தேய்த்து அழிக்கவேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் மஞ்சளோ, எண்ணெயோ, பவுடரோ பூசவேண்டாம். ஒத்தடமும் கூடாது.

கை: அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்புண்டு. கற்றுக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்யவேண்டும். அந்தக் கையில் வெட்டுக்காயம், தீக்காயம், பூச்சிக்கடி வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வீக்கம் ஆரம்பத்திலேயே தெரிந்தால் கட்டுப்படுத்துவது எளிது.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவை: கீமோதெரபி நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. நடு இரவானாலும் புறப்படவேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகும். மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு, காலில் திடீர் வீக்கமும் வலியும் இருந்தாலும் அப்படியே.

3. கணவனும் மனைவியும்

முதலில் சில தவறான எண்ணங்களை அகற்றுவோம். புற்றுநோய் தொற்றுநோயல்ல. தொடுவதனாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதனாலும், தாம்பத்திய உறவினாலும் அது பரவாது. வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் குழந்தையைத் தாராளமாய் மடியில் வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி உறவு நோயைத் திரும்பக் கொண்டுவராது.

ஆனாலும் சிகிச்சையின் மாதங்களில் பல பெண்களுக்கு ஆசை குறைந்துபோகிறது. களைப்பு ஒரு காரணம். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது வரும் துக்கம் ஒரு காரணம். உடல் சார்ந்த காரணமும் உண்டு. கீமோதெரபி கருப்பையின் இரு பக்கத்திலுமுள்ள சினைப்பைகளைப் பாதிப்பதால் மாதவிலக்கு நிற்கலாம். உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. திடீரென்று உடல் அனலாய்க் கொதித்து வேர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, பிறப்புறுப்பு வறண்டு உறவின்போது வலிக்கிறது. மனைவி கணவனைத் தள்ளுகிறாள் என்பதல்ல இதன் பொருள். உடலில் ஒரு சுரப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவே.

வறட்சிக்கு மருந்துக்கடையில் ஹார்மோன் கலவாத, தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல் கிடைக்கிறது. உறவின்போது அதை உபயோகிக்கலாம். ஈரப்பதம் காக்கும் ஜெல்லை வாரத்தில் சில நாட்கள் தொடர்ந்து உபயோகிப்பதும் பயன் தரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். புண் ஆறும்வரை தையல் இருக்கும் பக்கத்தில் பாரம் விழாதபடி ஒரு சிறு தலையணையை வைத்துக்கொள்ளலாம். வடு தெரிவது மனைவிக்குச் சங்கடமாயிருந்தால் ரவிக்கையோடு இருக்கட்டும். வடுவை எப்பொழுது காட்டுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

இரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் உறவைத் தள்ளிவைப்பது பாதுகாப்பு. கீமோதெரபி கொடுத்தபின் சில நாட்கள் மருந்தின் அம்சம் உடல் திரவங்களில் இருக்கக்கூடும். ஆகையால் அந்நாட்களில் ஆணுறை அவசியம். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் ரப்பர் உறையைப் பலவீனப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதவிலக்கு நின்றுவிட்டதால் கருத்தரிக்காது என்று நம்பவேண்டாம். கீமோதெரபியும் டமாக்சிபென் மாத்திரையும் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. ஹார்மோன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரைகள் இவர்களுக்கு ஏற்றவையல்ல. ஆணுறை அல்லது காப்பர்-டி பற்றிக் கேட்கலாம். பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்கள் கீமோதெரபி தொடங்குவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். பின்னால் சொன்னால் வழிகள் குறைந்துவிடும்.

நெருக்கம் என்பது உடலுறவு மாத்திரமல்ல என்பதையும் தம்பதியர் மறக்கக்கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கை, முடியில்லாத தலையைத் தடவிக்கொடுக்கட்டும். மருத்துவமனை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து உட்காருவதும் நெருக்கமே. "எங்கே தொட்டால் வலிக்கும்? எங்கே தொடலாம்?" என்று கணவன் கேட்கட்டும். "இன்று என்னால் முடியாது, ஆனால் பக்கத்தில் இருங்கள்" என்று மனைவி சொல்லட்டும். இந்த இரண்டு பேச்சும் இல்லாததனால்தான் ஒரு வீட்டில் பாய் முன்னறைக்குப் போகிறது.

4. மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிபென் அல்லது லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள்வரை கொடுக்கப்படுகின்றன. இந்த வகை நோய்க்கு ஐந்து ஆண்டு டமாக்சிபென் எடுப்பது, பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயினால் வரும் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2011 ஆம் ஆண்டில் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

அனல், மூட்டுவலி, வறட்சி இவற்றைத் தாங்காமல் சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வீட்டிலும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதிருங்கள். மாத்திரையை மாற்றவும் தொல்லையைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்கள் அதையும் சொல்லவேண்டும். சில மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிபெனின் பலனைக் குறைக்கக்கூடும். மாதவிலக்கு நின்றபின் டமாக்சிபென் எடுக்கும்போது இரத்தப்போக்கு கண்டால் உடனே காட்டவேண்டும்.

வாயால் சொல்லக் கூச்சமாயிருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். "உறவின்போது வலிக்கிறது" என்ற ஒரு வரி போதும். நர்ஸ் அக்காவிடம் முதலில் சொல்லலாம். கணவரை வெளியே இருக்கச் சொல்லியும் பேசலாம், கூட வைத்துக்கொண்டும் பேசலாம். மருத்துவர்கள் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டு நகைப்பதில்லை. கேட்கப்படாத கேள்விக்குத்தான் அவர்களால் பதில் சொல்ல முடியாது.

5. நம்முடைய பங்கு

உங்கள் காணிக்கை மருந்தாகவும் படுக்கையாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஒரு சகோதரியின் சிகிச்சை முழுமையடைய மருந்து மட்டும் போதாது. கதவு அடைத்துப் பேச ஓர் அறை, அவசரப்படாமல் கேட்க ஓர் ஆலோசகர், ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு செயற்கை மார்பகம், கணவனும் கூட வருவதற்குப் பேருந்துக் கட்டணம் இவையும் தேவை. கொடுக்கும்போது இவற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்திக்கப் போகிறவர்கள், "எப்படி வந்தது? உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று விசாரிக்க வேண்டாம். யாரோ ஒருவர் இறந்த கதையும், கேள்விப்பட்ட நாட்டு மருந்தும் வேண்டாம். ஒரு தூக்கு கஞ்சி கொண்டுபோங்கள். ஒரு பிற்பகல் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். கணவனும் மனைவியும் தனியே பேச அந்த இரண்டு மணி நேரம் உதவும். விதவைகளையும் திருமணமாகாதவர்களையும் மறவாதிருங்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருவராவது இருக்கட்டும்.

சபையிலுள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விலகியிருப்பது உங்களுக்கு அன்பாய்த் தோன்றலாம். ஆனால் ஏன் விலகியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அவளுக்கு அது வெறுப்பாகவே தெரியும். இன்று இரவே கேளுங்கள். அவள் சம்மதித்தால் பாயை அவள் பக்கத்தில் விரியுங்கள்.

பேசுவதற்கான கேள்விகள்

1. நம் வீடுகளில் பெண்களின் எந்த நோய்களை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம்? அந்தத் தயக்கத்தினால் யாருக்கு நஷ்டம்?

2. சிகிச்சை பெறும் ஒரு சகோதரி "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று உங்களிடம் இரகசியமாய்ச் சொன்னால், அவளைக் குற்றப்படுத்தாமல் எப்படி மருத்துவரிடம் அழைத்துச் செல்வீர்கள்?

3. உங்கள் சபையில் சிகிச்சை பெறும் ஒரு குடும்பத்துக்கு இந்த வாரம் எந்த ஒரு வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியும்?